பெரிய வடச்சட்டி

இன்றைக்குப் பெரிய வடச்சட்டியைத் தான் எடுத்துக்கொள்வதாகச் சாந்தாமணி சொன்னபோது அர்த்தநாரி சரி என்றுதான் சொன்னான். சொன்ன வேகம் அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. "ஏனுங், ஞாயித்துக்கெழமக் கூட்டம் அப்படியே எம்பக்கமாத்தான் வருது. சின்னச் சட்டில போட்டு எடுத்தா நேரத்துக்குக் குடுக்க முடியறதில்லீங். இன்னிக்குப் பெருசு எனக்கு இருக்கட்டுமா?" என்று கறி கழுவிய கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி கேட்டாள். கேட்டாளா, சொன்னாளா? இருக்கட்டுமா என்று முடித்ததால் கேள்விதான். ஆனால் முடிப்பதற்குள்ளேயே அவள் கை சட்டியின் ஒரு காதைப் பிடித்திருந்தது. மறு காதை அவன் பிடித்தான். பிடிக்காமல் என்ன செய்ய, எண்ணெய் ஊற்றிய சட்டி, ஒருத்தியாகத் தூக்கினால் சரிந்து காலில் கொட்டும். இரண்டு பேருமாக அவன் அடுப்பிலிருந்து அவள் அடுப்புக்கு மாற்றினார்கள். இரண்டு அடுப்புக்கும் நடுவில் ஒரு முழத் தூரம்கூட இல்லை. கலியாணமான புதிதில் இரும்புக் கட்டிலை இப்படித்தான் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சன்னலோரம் போட்டார்கள். அன்றைக்கு அவள் பாதியில் சிரித்துவிட்டாள், கட்டில் கால் அவன் பெருவிரலில் இறங்கியது. அது எதற்கு இப்போது. எம்பக்கம் என்றாளே, அந்த வார்த்தைதான். முள் குத்திய இடத்தை விரல் தேடித் தேடிப் போவதுபோல மனது அங்கேயே போனது. கடைக்கு எப்போது பக்கங்கள் வந்தன? அவள் பக்கம் ஒன்று இருந்தால் அவன் பக்கம் என்று ஒன்று இருக்க வேண்டும். அந்தப் பக்கத்துக்கு யார் வருகிறார்கள்? சரி என்று சொல்லியிருக்க வேண்டாம். யோசிச்சுச் சொல்றேன் என்றிருக்கலாம். வடச்சட்டிக்கு என்ன யோசனை என்று அவள் கேட்டிருப்பாள். கேட்டிருக்க மாட்டாள். பேசாமல் சின்னச் சட்டியிலேயே மாடு மாதிரி உழைத்திருப்பாள். அது இதைவிட மோசம்.

சின்னச் சட்டியைத் தன் அடுப்பில் ஏற்றிக் கடலெண்ணெய் ஊற்றினான். அவனுடைய நீளக் கரண்டி அதற்குள் அடங்கவில்லை, முக்கால்வாசி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. எண்ணெய் காய்கிறவரை செய்வதற்கு ஒன்றுமில்லை, அந்த ஒன்றுமில்லாத நேரம்தான் ஆபத்து. சமையற்கட்டுக்கும் மேசைகளுக்கும் நடுவே தட்டு நீட்டுவதற்காகச் சுவரை உடைத்துவிட்ட ஓட்டை வழியாக வெளியே பார்த்தான். ஒரு காலத்தில் அந்த ஓட்டை நிறையத் தலைகள் தெரியும். தேனிக்காரர்கள், உசிலம்பட்டிக்காரர்கள், சிவகங்கைப் பக்கத்து ஆட்கள், பனியன் கம்பெனியில் கட்டிங் என்றும் அயர்னிங் என்றும் வாரம் முழுக்க நின்றே வேலை செய்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வடிய உள்ளே தலையை நீட்டி, "அண்ணே, கொன்னுட்டீங்கண்ணே" என்பார்கள். அதைவிடப் பெரிய வார்த்தை ஒரு மனுசன் காதில் விழ முடியுமா? கடைப் போர்டில் நெருப்புக் கோழி வறுவல் என்று எழுதியிருக்கும். புதிதாக வேலைக்கு வந்த சுகாதார ஆய்வாளர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, நெருப்புக்கோழி விற்க உங்களுக்கு யார் பர்மிசன் குடுத்தது என்று கேட்டார். அர்த்தநாரி அவரை உட்கார வைத்து ஒரு தட்டு வைத்தான். சாதாரண பிராய்லர் கோழிதான், குண்டு மிளகாயை வறுத்து இடித்துப் புரட்டியது. இரண்டாவது துண்டுக்கு மேல் அந்த மனிதருக்குக் குரலே வரவில்லை. கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். தெருவே அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு திரிந்தது. இப்போது தெருவில் சொல்கிற கதை எது? எண்ணெய் புகைய ஆரம்பித்திருந்தது. அடுப்பைக் குறைத்தான். இவ்வளவு சின்னச் சட்டியில் எண்ணெய் இவ்வளவு சீக்கிரம் காயும் என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது.

ஆட்கள் மாறினார்கள். எப்போது மாறினார்கள் என்று அவனிடம் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. தேனிக்காரர்கள் ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பவில்லை. அவர்கள் இருந்த லைன் வீடுகளில் ஒரிசாக்காரர்களும் பீகார்க்காரர்களும் வந்து, வாசலில் வேறு மாதிரிக் கோலம் போட்டு, வேறு மாதிரி எண்ணெயில் தாளித்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு வயிறு கெட்டது. லேத்து பட்டறை பழனியப்பன், தட்டில் ஒட்டிய மிளகாய்த் தூளை வழித்து நக்கியவன், அல்சர் என்று சொல்லிவிட்டு இட்லிக் கடைப் பக்கம் போக ஆரம்பித்தான். அவனுடைய வயிற்றுப்புண்ணைக்கூட அர்த்தநாரி ஒரு துரோகமாகத்தான் எடுத்துக்கொண்டான். புதிதாக வந்தவர்கள் ஒரு தடவை சாப்பிட்டுப் பார்த்தார்கள், தண்ணீர் தண்ணீர் என்று அவர்கள் பாசையில் கத்தினார்கள், மறுபடி வரவில்லை. மிஞ்சிய கறியை வெளியே போட்டால் தெரு நாய்கூட மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கியது. மெயின் ரோட்டில் குளுகுளுவென்று ஏசி போட்டு, குழந்தைகளுக்கு பலூன் கொடுத்து ஒரு பொரித்த கோழிக் கடை வந்தது. அந்தச் சமயத்தில்தான் சாந்தாமணி, "ஏனுங், எனக்கு ஒரு கிலோ மட்டும் குடுங்க, நான் ஒண்ணு செஞ்சு பாக்கறேன்" என்றாள். கொடுத்தான். தோற்கட்டும் என்று கொடுத்தானா? இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறான். பாவம், செய்து பார்க்கட்டுமே என்ற நினைப்புக்கு அடியில் வேறு ஏதோ படுத்திருந்தது, அதைப் புரட்டிப் பார்க்கவில்லை. தயிரும் மல்லித்தழையும் இஞ்சியும் போட்டு, வெளிறிய பச்சையாக, சிவப்பே இல்லாமல் ஒரு வறுவல். இது நோயாளிக்குக் குடுக்கறதா என்று கேட்டான்.  அந்த மாசம் கடை வாடகை தடங்கலில்லாமல் போனது. போர்டில் அவனேதான் கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னான்: பச்சை வறுவல். ஆனால் வருகிற யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. தீதி சிக்கன் என்கிறார்கள். அக்கா என்பதற்கு அவர்கள் பாசையில் தீதி. அவன் காதில் அது தீ, தீ என்றுதான் விழுகிறது. நெருப்பை வைத்துப் பிழைத்தவன் அவன். தீ தீ என்று ஊரே கூப்பிடுவது அவளை.

கூட்டம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் தெருவில் தறிச்சத்தம்போல ஓயாமல் ஓடும் பின்னல் மெசின்கள் நின்றிருந்தன. அந்த அமைதியில் பேச்சுக் குரல்கள் அப்படியே உள்ளே வந்தன. சாந்தாமணி ஒரு தட்டம் வறுவலை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனாள். பாரு, எவ்வளவு சாதாரணமாகப் போகிறாள். இத்தனை வருசம் பின்கட்டில் குழாயடியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தவள், ஆள் வந்தால் முந்தானையை இழுத்துக்கொண்டு எழுந்து போனவள். இப்போது மேசை மேசையாக நின்று பேசுகிறாள். என்ன பேசுகிறாள் என்பதுதான் அவனுக்குத் தெரியாது. கானா என்கிறாள், தோடா என்கிறாள், அச்சா அச்சா என்கிறாள், நடுவில் அவனுக்குப் பிடிபடாத நீளமான ஏதோ ஒன்றைச் சொல்கிறாள், நாலு பேர் சிரிக்கிறார்கள். அது ஹிந்தியா, ஒரியாவா, அதுகூட அவனுக்குத் தெரியாது. அவள் எப்போது கற்றுக்கொண்டாள்? லைன் வீட்டுப் பெண்களோடு தண்ணீர் பிடிக்கும்போதா? ஒரே வீடு, ஒரே பாய், ஒரே கொசுவலை. அதற்குள் அவனுக்குத் தெரியாமல் ஒரு முழுப் பாசை அவள் வாய்க்குள் வளர்ந்திருக்கிறது. வேறு ஆண்பிள்ளையோடு பழக்கம் என்றால்கூட யாராவது வந்து காதில் போட்டிருப்பார்கள். பாசையை யார் வந்து சொல்வார்கள்? அவள் சொல்லியிருக்கலாம். ஒரு நாள் சாப்பிடும்போது, ஏனுங், தண்ணிக்கு அவிய பானின்னு சொல்றாங் என்று சொல்லியிருக்கலாம். சொன்னாள்தான். சொன்னாள், ஞாபகம் வருகிறது, அதத் தெரிஞ்சு என்ன பண்ணப்போற என்று அவன்தான் குழம்பை இழுத்து ஊற்றிக்கொண்டான். இருக்கட்டும். மறுபடி ஒரு தடவை சொல்லியிருக்கலாமல்லவா? ஓட்டை வழியாக அவள் முகம் பாதிதான் தெரிந்தது. நீலச்சட்டை போட்ட ஒருவன், கம்பெனி சூப்பர்வைசர்போல, விரலை மடக்கி முத்தமிட்டு விரித்துக் காட்டினான். எதற்கு? கறிக்குத்தான். கறிக்குத்தான் என்று தனக்குள் அழுத்திச் சொன்னான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு புதிது. வாயைக் கையால் மூடாத சிரிப்பு. மேல்வரிசையில் ஓரத்துப் பல் ஒன்று சற்றுத் தூக்கியிருக்கும், அதை மறைக்கத்தான் எப்போதும் கை போகும். அந்தப் பல்லை அவன் மட்டும்தான் பார்த்திருக்கிறான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தான். இப்போது நீலச்சட்டைக்காரனும் பார்க்கிறான், மேசைக்கு மேசை பார்க்கிறார்கள்.

அவள் சந்தேகப்படும்படியான பொம்பளை இல்லை. அது தெரியும். தெரிவதால்தான் இது இறங்க மாட்டேன் என்கிறது. சந்தேகம் என்றால் சண்டை போடலாம், கேட்கலாம், அவள் அழுதால் விட்டுவிடலாம். இதற்குப் பெயர் சொல்லி யாரிடம் கேட்பது? ஏம்புள்ள, நீ செய்யற கறி ஏன் விக்குது என்றா? அவன் சட்டியில் மூன்று துண்டுகள் சிவந்து மிதந்தன. ஒரு பார்சல். லேத்து பட்டறைக்குப் பின்னாலிருந்து ஒரு கிழவர், மூக்கடைப்புக்கு நல்லதென்று வாங்குகிறார். அவனுடைய கோழி இப்போது மருந்தாகிவிட்டது. நோயாளிக்குக் குடுக்கறதா என்று கேட்டவன் அவன்தானே. எண்ணெயின் சத்தம் பக்கத்துச் சட்டியின் பெரிய சத்தத்துக்குள் கேட்கவே இல்லை. பெரிய சட்டி ஆளில்லாமல் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் முன்பக்கம் போயிருக்கும்போது கருகாமல் பார்த்துக்கொள்வதும் அவன்தான். அதாவது அவளுக்கு உதவிக்கு ஆள். அந்த நினைப்பு வந்ததும் காது மடல் சூடாகியது. மேடையில் அவளுடைய எவர்சில்வர் பேசினில் அடுத்த ஈட்டுக்கான கறி ஊறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கிண்ணம் நிறைய அவள் அரைத்து வைத்த பச்சை மிளகாய் விழுது, சட்னிக்காக. அவன் அதைப் பார்த்தான். பார்த்ததோடு சரி. பிறகு மறுபடி பார்த்தான். இந்தக் கறிக்குக் கொஞ்சம் ஒறப்பு வேண்டும், அதில்லாமல்தான் சப்பென்று இருக்கிறது, எத்தனை நாளாகச் சொல்கிறேன் என்று நினைத்தான். அவன் சொன்னதே இல்லை. ஒரு கரண்டி போட்டால் யாருக்கும் தெரியாது, நன்றாகத்தான் இருக்கும், அவர்களே இன்னும் கேட்பார்கள், என்னங் இன்னிக்கு இப்படி ருசி என்று அவள் வந்து கேட்டால் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். வெளியாள் பொருள் ஒன்றுமில்லை. அவள் கறி, அவள் விழுது. அவன் தொட்டதாகக்கூட ஆகாது. முதல் கை உண்மையிலேயே கொஞ்சம்தான். வெளியே மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது, தீதி தீதி என்று யாரோ நீட்டி அழைத்தார்கள். அதற்குப் பிறகு கிண்ணத்தை ஏன் கவிழ்த்தான் என்று கேட்டால் அவனால் சொல்ல முடியாது. கிண்ணத்தின் ஓரத்தை விரலால் வழித்துக்கூடப் போட்டான். போட்டுப் பிசைந்தான். பச்சையில் பச்சை கலந்து ஒன்றும் தெரியவில்லை. கை எரிந்தது. மிளகாயிலேயே ஊறிய கை அது, எரிந்து எத்தனையோ வருசம் ஆகியிருந்தது.

அவள் வேகமாக உள்ளே வந்து, "நெறைய ஆள் நிக்கறாங்" என்று சொல்லிவிட்டு, பேசினிலிருந்து அள்ளி அள்ளிப் பெரிய சட்டியில் போட்டாள். அவன் தன் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். இப்போது சொல்லலாம். கறி இன்னும் வேகவில்லை, சாந்தா, இரு, அதில் கை தவறி என்று சொல்லலாம். நாக்கு புரண்டது. அவளிடமிருந்து வியர்வையும் மல்லித்தழையும் கலந்த வாசம் வந்தது. நெற்றியில் ஒட்டிய முடியை முழங்கையால் தள்ளிக்கொண்டாள். எண்ணெய் தெறித்த ஒரு சின்னக் கொப்புளம் அந்த முழங்கையில். அவனுக்கும் அதே இடத்தில் பழைய தழும்பு உண்டு. "கைக்கு மஞ்சத்தூள் வெய்யி" என்றான். "ஆகட்டுங்" என்றாள். சொல்ல வேண்டியதற்குப் பதிலாக அதைச் சொன்னான். வறுவலை வாரித் தட்டங்களில் போட்டு அவள் தூக்கிக்கொண்டு போனாள். அதன்பிறகு அவன் உடம்பு முழுக்கக் காதாகிவிட்டது. முதலில் ஒன்றுமில்லை. எலும்பு கடிபடும் சத்தம், தண்ணீர் ஜக்கு, யாரோ நாற்காலி இழுப்பது. ஒன்றும் ஆகாதோ? ஆகாமல் போய்விடக்கூடாதே என்று ஒரு நினைப்பு, ஐயோ ஆகிவிடக்கூடாதே என்று அதன் முதுகிலேயே இன்னொன்று. இரண்டும் ஒரே வேகத்தில் ஓடின. எதற்கு ஆசைப்படுகிறோம் என்றே அவனுக்குத் தெரியவில்லை. நீலச்சட்டைக்காரன் இருமினான். நல்லது, அவன் இருமட்டும். இன்னொருவன் உஸ் உஸ் என்றான். அப்புறம் ஒரு குழந்தையின் அழுகை. வீறிட்டு, மூச்சு நின்று, மறுபடி வீறிடும் அழுகை.

ஓட்டை வழியாகப் பார்த்தான். மினதியின் பிள்ளை. மினதி எதிர் லைன் வீட்டில் இருக்கிறவள், பனியன் தைக்கிற டைலர். சாந்தாமணிக்குப் பாசை சொல்லிக் கொடுத்தது அவளாகத்தான் இருக்கும் என்று அவன் நினைத்திருந்தான், அதற்காக அவள் மேல் ஒரு கடுப்பும் வைத்திருந்தான். பிள்ளையைக் குனி என்று கூப்பிடுவார்கள். முன்பற்கள் விழுந்த பெண் குழந்தை. வாயைத் திறந்து, நாக்கை வெளியே தொங்கவிட்டு, மிளகாய் பட்ட கையாலேயே கண்ணையும் கசக்கிவிட்டது. அர்த்தநாரிக்கு அந்த வாய் தெரிந்தது, சிவந்த ஈறு தெரிந்தது. அண்ணே கொன்னுட்டீங்கண்ணே என்று யாரும் சொல்லவில்லை. சாந்தாமணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடி முகத்தைக் கழுவிவிட்டு, தாயிடம் கொடுத்துவிட்டு, உள்ளே வந்தாள். தட்டத்திலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். மென்றாள். துப்பவில்லை, விழுங்கினாள். கண் கலங்கியது, மிளகாயால்தான். மேடையில் கவிழ்ந்து கிடந்த கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு அவன் கையைப் பார்த்தாள். எந்த நாளும் சிவப்பேறியிருக்கும் விரல்கள் அவை. இன்றைக்கு நகக்கண்ணெல்லாம் பச்சை. அவன் கையைப் பின்னால் இழுக்கவில்லை, இழுக்கத் தோன்றவில்லை. திட்டட்டும் என்று காத்திருந்தான். அவள் தட்டத்தை வைத்துவிட்டு வெளியே போய்க் கை கூப்பி என்னவோ சொன்னாள். தமிழ் ஆட்கள் உட்கார்ந்திருந்த மேசைக்கு வந்து தமிழில் சொன்னபோதுதான் அவனுக்குப் புரிந்தது. "எல்லாரும் மன்னிச்சுக்கோணுங். அவசரத்துல நானு மொளகாய ரெண்டு தடவ போட்டுட்டேன். எம்மேல தப்புதானுங். இதுக்குக் காசு வேண்டாங், சித்த இருங்க, வேற செஞ்சு தாரேன்." பரவால்லக்கா, பரவால்லக்கா என்று நாலு பக்கமும் குரல். நீலச்சட்டைக்காரன் மூக்கைத் துடைத்துக்கொண்டே ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்தான். ஒருத்தரும் எழுந்து போகவில்லை. எவ்வளவு லேசாகப் பொய் சொல்கிறாள். அவனாக இருந்தால் இதே இடத்தில் நின்று, ஒறப்புத் தாங்காதவனெல்லாம் ஏன் கடைக்கு வாரீங்க என்று கேட்டிருப்பான். கேட்டுத்தான் இருக்கிறான். வெட்கத்தில் கூனியிருந்த அந்த நேரத்திலும், அவளுடைய பொய்யின் மேல் அவனுக்குப் பொறாமையாக இருந்தது. தன்னுடைய புத்தி எப்பேர்ப்பட்டது என்று அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

அவள் திரும்பி வந்து, அவன் முகத்தைப் பார்க்காமல், "தயிர்ல சக்கரை போட்டு அந்தப் புள்ளைக்குக் கொண்டுபோய்க் குடுங்க" என்றாள். ஓட்டை வழியாக நீட்டலாமா என்று பார்த்தான். "நடந்து போய்க் குடுங்க" என்றாள். போனான். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, முன்கட்டுக்கு எத்தனையோ மாசங்களுக்குப் பிறகு போனான். எல்லோரும் தன்னையே பார்ப்பதாக நினைத்தான்; யாரும் பார்க்கவில்லை, அவர்களுக்கு அவன் யாரென்றே தெரியவில்லை. குழந்தை விம்மலுக்கு நடுவில் கரண்டியை வாயில் வாங்கியது. கண் இமை தடித்திருந்தது. எரியுதா சாமி என்று கேட்டான். அதற்குப் புரியாது. மினதி அவனைப் பார்த்து, "தன்யவாத், பையா" என்றாள். பையா அவர்கள் பாசையில் அண்ணன். நன்றி சொல்கிறாள் என்று தெரிந்தது. அதற்குப் பாசை தேவைப்படவில்லை, முகத்திலேயே இருந்தது. அவள் இரண்டு அறை கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டு நிமிர்ந்து திரும்பியிருப்பான். நன்றியை வாங்கிக்கொண்டு எப்படித் திரும்புவது? குழந்தை இரண்டாவது கரண்டிக்கு வாயைத் திறந்தது. கிண்ணம் காலியாகிறவரை நின்று ஊட்டினான். 

உள்ளே வந்தபோது அவள் கெட்டுப்போன கறியை மொத்தமாகக் குப்பை வாளியில் கொட்டிக்கொண்டிருந்தாள். "சாந்தா" என்றான். அவள் நிமிரவில்லை. "ஏன்னு கேக்க மாட்டியா?" என்றான். "எதுக்குங் கேக்கோணும்? தெரியாததையா கேக்கப்போறேன்" என்றாள். பேசினைக் கழுவினாள், தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகு குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னாள். "இத்தன வருசமா இந்த ஓட்டைல தலைய உட்டு அண்ணே கொன்னுட்டீங்கன்னு சொல்லிட்டுப் போனாங்கல்லோ, அப்ப நானு எங்க இருந்தேன்? அங்க, அந்தக் குழாயடில. அந்த மொளகாய வறுத்தது நானு. இடிச்சது நானு. இடிச்சு இடிச்சுக் கண்ணு ரெண்டும் பொங்கிப்போய் ராத்திரியெல்லாம் ஈரத்துணி போட்டுப் படுத்திருக்கறேன். ஒருத்தனாச்சும் அந்தப் பக்கம் திரும்பி, அக்கா நல்லாருக்குன்னு சொல்லியிருப்பானா? நீங்க சொல்லியிருப்பீங்களா? உங்க சட்டில ஒரு பிடி மண்ண அள்ளிப் போடோணும்னு எனக்குத் தோணியிருக்காதுன்னா நெனச்சீங்க? எத்தனையோ நாளு தோணீருக்குதுங். கைல மண்ண எடுத்துட்டு அந்த வாசப்படி வரைக்கும் வந்திருக்கறேன்." நிறுத்தினாள். ஈரக் கையைத் தலைப்பில் துடைத்தாள். "போடலீங்" என்றாள்.

 அந்த வாசப்படியைப் பார்த்தான், சிமெண்டு பெயர்ந்த சாதாரண வாசப்படி. அங்கே இவள் கையில் மண்ணோடு நின்றிருக்கிறாள், அவன் முதுகைக் காட்டிக்கொண்டு ஓட்டைக்கு அந்தப் பக்கத்துத் தலைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறான். எந்த நாள்? சுகாதார ஆய்வாளர் வந்த நாளா? தெரு முழுக்கச் சொன்ன அந்தக் கதையில் இவள் இல்லவே இல்லையே. அன்றைக்குத் தட்டு கழுவி வைத்தது யார்? மூச்சுக்கு மூச்சு எரிகிற ஒன்றை இத்தனை வருசம் சேலை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு, அவனுக்குச் சோறு போட்டு, கால் பிடித்து, பக்கத்தில் படுத்திருக்கிறாள், ஒரு நாளும் வாசம்கூட வெளியே வரவில்லை. அவனால் ஒரு மத்தியானம் அடக்க முடியவில்லை. இதிலும் அவள்தான் கை தேர்ந்தவள். அந்த நினைப்பு வந்தபோது சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவனிடமிருந்து வந்தது. வெளியே யாரோ தட்டைத் தட்டினார்கள். "ஆட்கள் உக்காந்திருக்கறாங்" என்றாள் சாந்தாமணி, குரல் மறுபடி கடைக்குரலாகியிருந்தது. "பிரிட்ஜுல கறி இருக்குது, நானு முன்னால போயிச் சமாளிக்கறேன். நீங்க ஊற வெய்யுங்க."

"எனக்குத் தெரியாதே" என்றான். "என்னென்ன போடோணும்?" அவன் அவளிடம் அப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை. வாசப்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.  "தயிரு. இஞ்சி, பூண்டு. மல்லித்தழைய நல்லா மையா அரைச்சுக்குங்க. மொளகு, சோம்பு இடிச்சது. பச்ச மொளகா ரெண்டே ரெண்டு." ஒரு நொடி வாய் அசைந்தது, ஆனால் அடுத்த வார்த்தை வரவில்லை. "உப்பு. அவ்வளவுதானுங்" என்று முடித்துவிட்டுப் போய்விட்டாள். அவன் அரைத்தான், கலந்தான், கறியைப் போட்டுப் பிசைந்தான். குனிந்து மோந்து பார்த்தான். இல்லை. எல்லாம் இருந்தது, ஒன்று இல்லை. இத்தனை மாசம் பக்கத்து அடுப்பிலிருந்து மூக்கின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த ஒன்று, மற்ற எல்லாவற்றையும் தூக்கி நிறுத்துகிற ஒன்று, இதில் இல்லை. எத்தனை வருசம் மசாலாவோடு கிடந்த மூக்கு, ஏமாறுமா? கடுகு. கடுகை ஊற வைத்து அரைத்த விழுது. எதிர் லைன் வீடுகளில் சாயங்காலம் வருகிற அதே வாசம். மறந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. தெரிந்தே விட்டிருக்கிறாள். நெஞ்சுக்குள் பழைய எரிச்சல் ஒரு தடவை நிமிர்ந்து உட்கார்ந்தது. அலமாரியில் கடுகு டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்து அரைத்துப் போட்டுவிட்டு, எனக்குத் தெரியும் என்று காட்டிவிடலாம். கை டப்பா வரை போனது. திரும்பி வந்தது. பேசினை மூடாமல் மேடை ஓரத்தில், அவள் வந்தால் எட்டுகிற இடத்தில் வைத்தான். "சாந்தா, ஆயிப்போச்சு, வந்து பாத்துக்க" என்று கூப்பிட்டான். காலடிச் சத்தம் வந்தது. அவன் தன் அடுப்புப் பக்கம் திரும்பி, சின்னச் சட்டியின் காய்ந்த எண்ணெயைப் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் மேடைக்கு அடியில் ஏதோ நகர்ந்தது, ஒரு மூடி திருகிக் கழன்றது, கரண்டி ஒரு தடவை விளிம்பில் தட்டியது. அந்த வாசம் எழுந்து வந்து அவன் பிடரியைத் தொட்டது. எவ்வளவு போடுகிறாள் என்று மட்டும் பார்த்தால் போதும், பாதி முகம் திருப்பினால் போதும். அவன் திருப்பவில்லை. கழுத்து நரம்பு விண்விண்ணென்று தெறித்தது.